கடல் மட்டத்திலிருந்து காஷ்மீர் ஏரிகளுக்கு: குமரி மாவட்டத்தாரின் மலைநடைக் கேள்விகளும் பதில்களும்

காஷ்மீரின் சோனாமார்க்கில் தொடங்கி, உயர்ந்த கணவாய்களைக் கடந்து, ஏரிக்கரைகளில் கூடாரமிட்டுத் தங்கி, நாராநாக்கில் இறங்கும் மலைப்பாதைக்கு நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பகுதிகளிலிருந்து செல்ல விரும்புவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே தரப்பட்டுள்ளன. பிற உயர்மலைப் பாதைகளுக்குச் செல்வோருக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

இந்தப் பாதையில் உண்மையில் என்ன இருக்கிறது? எத்தனை நாள் நடக்க வேண்டும்?

வழக்கமாக ஆறு அல்லது ஏழு நாள் நடை. மொத்தத் தொலைவு ஏறத்தாழ 70 முதல் 75 கிலோமீட்டர். சோனாமார்க்குக்கு அருகிலுள்ள ஷிட்காடியில் ஏறத் தொடங்கினால் முதல் நாள் மாலை நிச்னாய் பள்ளத்தாக்கை அடையலாம். இரண்டாம் நாள் நிச்னாய் கணவாயைக் கடந்து விஷன்சர் ஏரிக்கு இறங்க வேண்டும். விஷன்சருக்குச் சற்று மேலே கிஷன்சர் ஏரி உள்ளது. அங்கிருந்து, பாதையிலேயே மிக உயரமான கட்சர் கணவாயைத் தாண்டினால் கட்சர் ஏரியும், அதையடுத்து சிறு ஏரிகளின் கூட்டமான சத்சரும் வரும். பின்னர் ஜச் கணவாய். அதன் உச்சியில் நின்றால் ஹர்முக் மலையின் அடியில் கங்காபல், நந்த்கோல் என்னும் இரண்டு ஏரிகளும் ஒரே பார்வையில் தெரியும். கடைசி நாள் முழுவதும் நாராநாக்குக்கு இறங்குவதே வேலை. கட்சர் கணவாய் ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரம். மற்ற இரண்டும் 4,000 மீட்டரைச் சற்றே தாண்டுபவை.

கணவாய் என்றால் நம் ஆரல்வாய்மொழிக் கணவாய் போன்றதுதானா?

ஒரு வகையில் ஆம். மலைத்தொடரின் இரு பக்கத்தையும் இணைக்கும் தாழ்ந்த இடைவெளிதான் கணவாய். மலையில் மோதும் காற்றுக்கும் அதுவே வாசல். முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதற்கான காரணம்தான் நிச்னாயிலும் கட்சரிலும் தொப்பி பறப்பதற்கும் காரணம். வேறுபாடு என்னவென்றால், ஆரல்வாய்மொழியைப் பேருந்தில் அமர்ந்தபடியே கடந்துவிடலாம். காஷ்மீரில் தாழ்ந்த இடைவெளியே ஆனைமுடியைவிட ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறும் பக்கத்தில் வியர்த்து நனைந்தவர், உச்சியில் படம் எடுத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றால் உடல் நடுங்கத் தொடங்கிவிடும். ஆகவே உச்சிக்குப் பத்து நிமிடம் முன்பாகவே காற்றைத் தடுக்கும் மேல்சட்டையைப் பையின் மேற்பகுதிக்கு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த மாதத்தில் செல்வது? மே மாத விடுமுறையில் முடியுமா?

முடியாது. ஆசிரியர்களும் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஏமாற்றம் தரும் பதில் என்றாலும் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. மே மாதத்தில் இந்தக் கணவாய்கள் பனியால் மூடியிருக்கும். ஜூலை தொடக்கத்திலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரையே இந்தப் பாதை சாதாரணமாக நடக்கத்தக்கது. ஜூலையில் கணவாய்களில் பனித்திட்டுகள் மீதமிருக்கலாம். புல்வெளிகளில் பூக்கள் நிறைந்திருப்பது ஜூலை இறுதியும் ஆகஸ்டும். செப்டம்பரில் வானம் தெளிந்து, இரவுகள் உறைநிலையை நெருங்கும். இமயமலையின் பிற பகுதிகளைப் போலத் தென்மேற்குப் பருவமழை காஷ்மீரை அத்தனை கடுமையாகத் தாக்குவதில்லை. அதற்காக மழையே இராது என்று எண்ணிவிட வேண்டாம். தொடர்ந்து இரண்டு நாள் பெய்து கூடாரத்துக்குள்ளேயே அடைத்து வைக்கும் மழையும் அங்கு உண்டு.

ஜூன் இறுதியில் மட்டுமே விடுப்பு கிடைக்கும் என்பவர்கள், இமாச்சலத்தில் மணாலிக்கு அருகிலிருந்து லாஹௌலுக்குக் கடக்கும் ஹம்ப்டா கணவாய்ப் பாதையைப் பரிசீலிக்கலாம். அது ஏறத்தாழ 4,270 மீட்டர் உயரம். நடை நாட்கள் குறைவு. சாலை நிலை சரியாக இருந்தால் சந்திரதால் ஏரியையும் பார்த்துத் திரும்பலாம்.

நாங்கள் தினமும் மலைச்சரிவில் வேலை செய்பவர்கள். எங்களுக்கும் உயரம் ஒரு சிக்கலா?

குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் அதிகாலையில் ரப்பர் பால் வெட்டச் சரிவுகளில் ஏறி இறங்குபவர்களின் கால் வலிமையும் மூச்சு வலிமையும் நகரத்து உடற்பயிற்சிக் கூடங்களில் எளிதில் கிடைப்பவை அல்ல. ஆயினும் உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோய் கால் வலிமையைப் பார்த்து வருவதில்லை. 4,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. இதற்கு உடல் பழகிக்கொள்ள நாட்கள் தேவை. அந்த நாட்களை எந்தப் பயிற்சியாலும் ஈடுசெய்ய முடியாது. வலிமையானவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களே முதலில் படுத்துவிடுவதும் நடப்பதுண்டு.

நம் நிலையைச் சரியாகப் புரிந்துகொள்ள ஒரு கணக்கைப் பார்க்கலாம். இமயத்துக்குத் தெற்கே இந்தியாவின் மிக உயரமான சிகரம் ஆனைமுடி. அதன் உயரம் 2,695 மீட்டர். நடை தொடங்கும் சோனாமார்க்கே ஏறத்தாழ அதே உயரத்தில் இருக்கிறது. அதாவது, தென்னாட்டில் எவரும் வீடு கட்டி வாழாத உயரத்தில்தான் அங்கே நம் முதல் இரவே கழிகிறது. 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின் உறங்கும் இடத்தின் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. சோனாமார்க்கிலிருந்து முதல் நாளே நிச்னாய்க்குச் செல்லும்போது 3,500 மீட்டரை எட்டுகிறோம். விதி அங்கேயே மீறப்படுகிறது. இதை ஈடுகட்ட ஸ்ரீநகரில் ஓர் இரவும், சோனாமார்க்கில் முடிந்தால் இரண்டு இரவும், விஷன்சரில் ஒரு முழு ஓய்வு நாளும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விலை உயர்ந்த ஷூவுக்கும் ஜாக்கெட்டுக்கும் தயங்காமல் பணம் கொடுப்பவர்கள் இந்தக் கூடுதல் நாட்களைக் கொடுக்க மட்டும் தயங்குகிறார்கள். என்னைக் கேட்டால், ஜாக்கெட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நாட்களைக் கூட்டிக்கொள்வதே மேல்.

புறப்படும் முன் கொடைக்கானலில் ஒரு வாரம் தங்கினால் உடல் பழகிவிடாதா?

பழகாது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். பொன்முடியும் மூணாறும் அதைவிடத் தாழ்வு. உடலில் குறிப்பிடத்தக்க மாற்றங்கள் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் நிகழ்கின்றன. அப்படிப் பெற்ற பழக்கமும் கடற்கரைக்குத் திரும்பியபின் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் மறைந்துவிடும்.

மலைநோயின் அறிகுறிகள் எவை? எப்போது அஞ்ச வேண்டும்?

தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை, வழக்கத்துக்கு மாறான அசதி ஆகியவை தொடக்க அறிகுறிகள். தலைவலியோடு இவற்றில் ஒன்று சேர்ந்தாலும், வேறு காரணம் உறுதியாகும் வரை அதை மலைநோய் என்றே கொள்ள வேண்டும். அந்த நிலையில் செய்ய வேண்டியது எளியது: மேலே ஏறாமல் அதே இடத்தில் ஓய்வெடுத்து, நீர் பருகி, மறுநாள் நலமானால் தொடர வேண்டும், அறிகுறிகள் கூடினால் இறங்க வேண்டும்.

அஞ்ச வேண்டிய நிலைகள் இரண்டு. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, ஓயாத இருமல், உதடும் நகமும் நீலம் பாய்வது, சளியில் இளஞ்சிவப்பு நுரை ஆகியவை நுரையீரலில் நீர் கோத்திருப்பதைக் காட்டும். தள்ளாட்டம், பேச்சுக் குழறல், கேட்டதற்குத் தொடர்பில்லாத பதில், காரணமில்லாத எரிச்சல் ஆகியவை மூளை வீங்குவதைக் காட்டும். சந்தேகம் வந்தால், ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல்நுனியோடு ஒட்டவைத்து நேர்க்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். அவரால் முடியாவிட்டால் விடியும் வரை காத்திருக்காமல் இருட்டிலேயே இறக்க வேண்டும். இந்த இரு நிலைகளுக்கும் உண்மையான மருந்து இறங்குவதுதான். ஆக்சிஜனும் மருந்துகளும் இறங்குவதற்கான நேரத்தைத் தருபவை.

டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் போதுமா?

அசிட்டசோலமைடு என்னும் அந்த மருந்து உடல் உயரத்துக்குப் பழகுவதை விரைவுபடுத்துகிறது. முன்னெச்சரிக்கையாக, பெரியவர்களுக்கு 125 மில்லிகிராம் நாளுக்கு இருவேளை என்பது பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அளவு. ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவது வழக்கம். சல்ஃபா மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. விரல்நுனி மரத்துப்போவதும் அடிக்கடி சிறுநீர் கழிவதும் அதன் இயல்பான பக்கவிளைவுகள். மாத்திரை போட்டிருக்கிறோம் என்ற துணிச்சலில் ஓய்வு நாளைக் கைவிடுவது அறிவுடைமை ஆகாது. தூக்க மாத்திரையும் மதுவும் உறக்கத்தில் மூச்சைக் குறைப்பவை. அவற்றை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

நம் மாவட்டத்திலேயே எங்கே, எப்படிப் பயிற்சி செய்வது?

பொற்றையடியை ஒட்டிய மருந்துவாழ் மலையே இதற்கு ஏற்ற இடம். அனுமன் இமயத்திலிருந்து தூக்கிவந்த சஞ்சீவி மலையின் ஒரு துண்டு விழுந்து உண்டானது இந்த மலை என்று ஊரில் சொல்வார்கள். இமயத்துக்குப் போகப் பயிற்சி எடுக்க அதைவிடப் பொருத்தமான இடம் ஏது? படிகளும் கரடுமுரடான பாறைகளும் மாறிமாறி வருவதால் கணுக்காலுக்கு நல்ல பழக்கம் கிடைக்கும். வெயில் ஏறிவிட்டால் பாறை தகிக்கும். ஆகவே விடியும் முன்பே ஏறத் தொடங்குவது நல்லது. மேற்குப் பக்கத்தவர்கள் சிதறால் மலையில் ஏறி இறங்கலாம். சரிவு மென்மையானது என்பதால் முதல் சில வாரங்களுக்கு அது போதும்.

புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். முதல் மாதம் வாரத்தில் நான்கு நாள் வேக நடையும் படியேற்றமும் போதும். இரண்டாம் மாதத்திலிருந்து முதுகுப்பையில் நீர் நிரப்பிய பாட்டில்களை வைத்து, மலையில் எடுத்துச் செல்லப்போகும் எடையை எட்டும்வரை வாரந்தோறும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இறுதி மாதத்தில் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் நீண்ட நடை நடந்து பாருங்கள். முதல் நாள் எவரும் நடந்துவிடுவர். வலித்த காலோடு இரண்டாம் நாள் எழுந்து நடக்க முடிகிறதா என்பதே சோதனை. பலரும் ஏறுவதற்கு மட்டுமே பழகுகிறார்கள். கங்காபலிலிருந்து நாராநாக்குக்கு ஒரே நாளில் 1,300 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டியிருப்பதால், மெதுவாக, முழங்காலைச் சற்றே மடக்கி, பாதத்தை முழுமையாகப் பதித்து இறங்கும் பழக்கம் அதைவிட முக்கியம்.

காளிகேசம், கீரிப்பாறை, மகேந்திரகிரிப் பக்கத்துக் காடுகள் வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளவை. பயிற்சி என்ற பெயரில் அனுமதியின்றி உள்ளே நுழைவது சட்டப்படிக் குற்றம். யானைகள் நடமாடும் காடு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

யாரெல்லாம் செல்லக் கூடாது?

கர்ப்பிணிகள், அண்மையில் மாரடைப்போ இதய அறுவை சிகிச்சையோ நேர்ந்தவர்கள், கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தமோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இருப்பவர்கள் மருத்துவரின் ஒப்புதலோடு செல்லலாம். ஆனால் இன்சுலின் உறைந்தால் பயனற்றுப்போகும் என்பதால் இரவில் அதை உடலோடு ஒட்டி, ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை அளக்கும் கருவியும் கடுங்குளிரில் தவறாகக் காட்டக்கூடும். வயது மட்டுமே தடை அன்று.

பையில் என்ன வைப்பது? எவ்வளவு எடை?

எல்லாவற்றையும் தாமே சுமப்பவர்களுக்கு 50 முதல் 60 லிட்டர் பை தேவைப்படும். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. பையின் எடை தோளில் தொங்கக் கூடாது. இடுப்புப் பட்டையை முதலில் இடுப்பெலும்பின் மேல் இறுக்கி, பிறகே தோள்பட்டைகளைச் சரிசெய்ய வேண்டும். சரியாக மாட்டினால் தோள்பட்டைக்கும் தோளுக்கும் இடையே ஒரு விரல் எளிதில் நுழையும். கனமான பொருட்கள் முதுகை ஒட்டி நடுவில் இருக்க வேண்டும்.

உடையைப் பொறுத்தவரை நாம் வாழ்நாள் முழுவதும் போற்றிய பருத்தியை இங்கே விட்டுவிட வேண்டும். வியர்வையில் நனைந்த பருத்தி காயாது. குளிரில் அது உடல் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளே விரைவில் காயும் செயற்கை இழைச் சட்டை, நடுவே ஃப்ளீஸ் என்னும் மென்மையான, சூடு காக்கும் செயற்கைத் துணிச் சட்டை, வெளியே மழையும் காற்றும் புகாத மேலுடை, முகாமில் அணிய ஒரு தடித்த ஜாக்கெட் என அடுக்காக அணிவதே முறை. உறங்குவதற்கென ஒரு ஜோடி உடையும் கம்பளிக் காலுறையும் தனியாகப் பிளாஸ்டிக் பையில் நனையாமல் இருக்க வேண்டும். பகலில் எவ்வளவு குளிர்ந்தாலும் அவற்றைத் தொடக் கூடாது. ஷூ கணுக்காலை மூடுவதாகவும், குறைந்தது ஒரு மாதம் பழகியதாகவும் இருக்கட்டும். இறங்கத் தொடங்கும் முன் குதிகாலைப் பின்னுக்குத் தட்டி உட்காரவைத்து, கணுக்காலருகே லேஸை மீண்டும் இறுக்கிக் கட்டினால் பெருவிரல் நகம் ஷூவில் மோதிக் கறுக்காது.

நம் வீட்டுப் பழக்கம் குறித்து ஒரு சிறு எச்சரிக்கை: தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியிலேயே உறையத் தொடங்குவதால், சோனாமார்க்கிலேயே பாட்டிலிலிருந்து வெளியே வராது. உதட்டுக்கும் கைக்கும் வாசலின் போதும். வெயில் நமக்குப் பழகியதுதானே என்று சன்ஸ்கிரீனைத் தவிர்ப்பதும் தவறு. உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிர் வலுக்கும். பனித்திட்டில் பட்டுத் திரும்பும் ஒளி கறுப்புக் கண்ணாடி இல்லாத கண்களைப் புண்ணாக்கும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? சோறு கிடைக்குமா?

ஏற்பாட்டுக் குழுவுடன் சென்றால் சோறு, பருப்பு, ரொட்டி, காய் ஆகியவை கிடைக்கும். மீன் இல்லாமல் ஒரு வாரம் கழிக்க வேண்டியதுதான். தாமே சமைப்பவர்கள், 4,000 மீட்டரை ஒட்டிய உயரத்தில் தண்ணீர் 87 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். அந்தச் சூட்டில் நம் சம்பா அரிசி எளிதில் வேகாது. திறந்த பாத்திரத்தில் வைத்தால் எரிவாயு தீர்ந்துபோகும், அரிசி அரிசியாகவே இருக்கும். சிறிய பிரஷர் குக்கரைச் சுமக்க வேண்டும் அல்லது அவல், ரவை, நூடுல்ஸ் போன்றவற்றுக்கு மாற வேண்டும்.

நடக்கும்போது கொறிக்க முந்திரிக்கொத்தைவிடச் சிறந்தது எதையும் நான் கண்டதில்லை. பாசிப்பயறும் வெல்லமும் சேர்ந்த அந்த உருண்டை நாள்பட இருந்தாலும் கெடாது, பையில் நசுங்காது, இரண்டு தின்றால் ஒரு மணி நேர ஏற்றத்துக்குத் தாங்கும். ஏத்தங்காய் சிப்ஸ் சுவையானதுதான், ஆனால் இடத்தை அடைக்கும். முறுக்கும் அச்சப்பமும் நிச்னாயை எட்டும் முன்பே பொடியாகிவிடும். சுக்கும் கருப்பட்டியும் சிறிதளவு எடுத்துச் சென்றால் மாலையில் முகாமே நன்றி சொல்லும். உயரத்தில் பசி மங்கிவிடும் என்பதால் பசிக்காவிட்டாலும் நேரத்துக்கு உண்ண வேண்டும்.

ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?

கண்ணாடி போலத் தெரிந்தாலும் கூடாது. கோடையில் பக்கர்வால், குஜ்ஜர் மக்கள் ஆயிரக்கணக்கான ஆடுகளையும் குதிரைகளையும் இந்தப் புல்வெளிகளுக்கு ஓட்டி வருகிறார்கள். ஓடையின் மேற்பகுதியில் என்ன மேய்கிறது என்பது நமக்குத் தெரியாது. மூன்று நிமிடம் கொதிக்க வைத்தாலோ, குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் வைத்தாலோ, வடிகட்டியைப் பயன்படுத்தினாலோ போதும். கொதிநிலை குறைவாக இருப்பதால் கிருமி சாகாது என்ற ஐயம் வேண்டாம், சாகும். மந்தைகளைக் காக்கும் நாய்கள் மிகப் பெரியவை. அவற்றின் எல்லைக்குள் நுழையாமல் தொலைவிலேயே நின்று மேய்ப்பரைக் குரல் கொடுத்து அழைக்க வேண்டும்.

கடலில் நீந்திப் பழகியவர்கள் ஏரியில் இறங்கலாமா?

இறங்க வேண்டாம் என்பதே என் பதில். இவை பனியாறுகள் குடைந்த பள்ளங்களில் தேங்கிய ஏரிகள். கிஷன்சரில் ஜூலையிலும் பனிக்கட்டி மிதப்பதைக் காணலாம். நம் கடல் நீர் உடலுக்கு இதமான சூட்டில் இருப்பது. இந்த நீரோ உறைநிலையைச் சில டிகிரிகளே தாண்டியது. அதில் திடீரெனப் பாய்ந்தால் உடல் தன்னையறியாமல் பெருமூச்சை இழுக்கும். அந்த மூச்சை நீருக்கடியில் இழுக்க நேர்ந்தால் முடிந்தது கதை. நீச்சல் தெரிவது இங்கே எந்தப் பாதுகாப்பும் தராது. கங்காபல் காஷ்மீரப் பண்டிதர்கள் முன்னோருக்குச் சடங்கு செய்யும் புனித ஏரியும் ஆகும். கரையில் சோப்பு, ஷாம்பு, பாத்திரம் கழுவுதல் எதுவும் ஆகாது.

கழிப்பிடத்துக்கும் குப்பைக்கும் என்ன வழி?

நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, பின் மண்ணால் மூட வேண்டும். நாப்கின், ஈரத்துடைப்பான், பிஸ்கட் உறை அனைத்தும் பையில் திரும்பி வர வேண்டும். புதைப்பதும் எரிப்பதும் தீர்வல்ல.

ஓடைகளைக் கடப்பதும் இடிமழையும் எவ்வளவு ஆபத்து?

பனி உருகும் நீர் என்பதால் ஓடைகள் காலையில் தணிந்தும் பிற்பகலில் பெருகியும் ஓடும். காலையில் முழங்காலளவு இருந்தது மாலையில் தொடையளவு ஆகலாம். கடக்கும் முன் பையின் இடுப்புப் பட்டையையும் நெஞ்சுப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடிய வேண்டும். வெறுங்காலோடு இறங்காமல் பட்டை வைத்த செருப்பு அணிந்து, நீர் வரும் திசையை நோக்கி, ஊன்றுகோலை முன்னே ஊன்றி, பக்கவாட்டில் நகர வேண்டும். கணவாய்களை நண்பகலுக்கு முன்பே கடந்துவிடுவது நல்லது, ஏனெனில் இடிமேகங்கள் பெரும்பாலும் பிற்பகலில் திரள்பவை.

அனுமதி, அடையாள அட்டை, கைப்பேசி ஆகியவை குறித்து என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பாதையில் ராணுவச் சோதனை முகாம்கள் உள்ளன. ஆதார் போன்ற அடையாள அட்டையின் அசலும் நகல்களும் கையில் இருக்க வேண்டும். முகாம்களைப் படமெடுக்கக் கூடாது. ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீரின் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டன; ஆகவே அந்தந்தப் பருவத்தில் பாதை திறந்திருக்கிறதா, எந்த அனுமதி வேண்டும் என்பதை உறுதிசெய்த பின்னரே பயணச்சீட்டு எடுக்க வேண்டும். பிற மாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் இயங்காது. போஸ்ட்பெய்டு இயங்கும், அதுவும் சோனாமார்க்கை விட்டு மேலேறினால் கிடைக்காது. செயற்கைக்கோள் தொலைபேசியை அனுமதியின்றி வைத்திருப்பது இந்தியாவில் சட்டவிரோதம். எனவே, இத்தனை நாள் அழைப்பு வராது என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது நல்லது. மூன்றாம் நாளே காவல் நிலையம் போக நினைக்கும் அம்மாக்கள் நம் ஊரில் குறைவல்ல.

குமரியிலிருந்து எப்படிச் செல்வது?

திருவனந்தபுரத்திலிருந்து டெல்லி வழியாக ஸ்ரீநகருக்கு விமானத்தில் செல்லலாம். ரயிலில் செல்ல விரும்புவோருக்குக் கன்னியாகுமரியிலேயே புறப்படும் வாராந்திர ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. நாட்டின் தென்முனையிலிருந்து ஏறத்தாழ மூன்று நாளில் கத்ரா சேர்க்கும். கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் செனாப் பாலம் வழியாக வந்தே பாரத் ரயில் ஓடுகிறது. ஸ்ரீநகரிலிருந்து சோனாமார்க் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். 2025 ஜனவரியில் திறக்கப்பட்ட சோனாமார்க் சுரங்கப்பாதை அந்தச் சாலையை எளிதாக்கியிருக்கிறது.

வழிகாட்டி இல்லாமல் நண்பர்களாகச் செல்லலாமா?

முதல் உயர்மலைப் பயணத்துக்கு வேண்டாம். மூடுபனி இறங்கிவிட்டால் புல்வெளியில் ஆட்டுத்தடமும் மனிதத்தடமும் ஒன்றாகவே தெரியும். இந்தி சரளமாக வராத குழுவுக்கு, குதிரைக்காரரிடமும் முகாமிலும் பேச உள்ளூரார் ஒருவர் உடன் இருப்பது பெரும் உதவி. ஏற்பாட்டாளரைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்துக்கு முன் மூன்றைக் கேளுங்கள்: விஷன்சரில் ஓய்வு நாள் உண்டா, ஆக்சிஜன் சிலிண்டர் உடன் வருமா, ஒருவர் திரும்பினால் அவரோடு யார் இறங்குவார்.

நடுவழியில் முடியாமல் போனால் எங்கிருந்து திரும்பலாம்?

விஷன்சர் வரை வந்தவர் நிச்னாய் கணவாய் ஒன்றைத் திரும்பக் கடந்தால் சோனாமார்க்கை அடைந்துவிடலாம். கட்சர் கணவாயைத் தாண்டியபின் நிலைமை வேறு. வழக்கமான பாதையில் முன்னே சென்றால் ஜச் கணவாய், பின்னே சென்றால் கட்சர் கணவாய். எந்தப் பக்கம் இறங்க நினைத்தாலும் முதலில் 4,000 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். மூச்சுத் திணறும் ஒருவருக்கு அதைவிடக் கொடிய வழி இல்லை. ஆகவே இந்தப் பயணத்தின் உண்மையான முடிவு விஷன்சர் முகாமில் எடுக்கப்பட வேண்டியது. ஓய்வு நாளின் மாலையில் குழுவில் ஒவ்வொருவரும் தலைவலி, உறக்கம், பசி, இருமல் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும்; சொல்பவரை எவரும் கேலி செய்யக் கூடாது. நம் இளைஞர்களிடையே இந்தக் கேலிதான் பெரிய இடர் என்பேன், ஏனெனில் அதற்கு அஞ்சியே பலர் மாத்திரையை மறைவாக விழுங்கிவிட்டுக் கட்சருக்கு ஏறுகிறார்கள். ஐயமுள்ளவர் அங்கேயே குதிரைக்காரரோடு திரும்புவதே சரி; கிஷன்சரையும் விஷன்சரையும் பார்த்துவிட்டுத்தான் அவர் திரும்புகிறார்.

திரும்பும் சீட்டை எந்த நாளுக்கு எடுப்பது?

நாராநாக்கில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது இரண்டு நாள் கழித்து எடுங்கள். மழையால் ஒரு நாள் கணவாயைக் கடக்க முடியாமல் போவது இயல்பானது. மறுநாள் காலை ரயிலோ விமானமோ இருக்கும் குழு அந்த மழையிலும் ஏற முற்படும். இரண்டு நாளும் மீதமானால் நாராநாக்கில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கற்கோயில் இடிபாடுகளை நிதானமாகப் பார்க்கலாம். அவற்றை லலிதாதித்ய மன்னர் காலத்தவை என்பார்கள். அங்கிருந்து ஸ்ரீநகருக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். ஹிம்சாகரில் திரும்புபவர்கள் அது வாரம் ஒருமுறை மட்டுமே ஓடுவதால், நடை நாட்களை முதலில் முடிவு செய்யாமல், ரயில் கத்ராவில் புறப்படும் கிழமையிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஓய்வு நாட்களையும் மழை நாட்களையும் சேர்த்த பிறகே குமரியில் ஏறும் தேதியைக் குறிக்க வேண்டும்.